நான் தலையாட்டவில்லை

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசிகள். நானும் அப்பாவும் நலம், எங்கள் கல்லூரி இணையம்தான் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. நீ நலம் என்பது திரையில் பார்த்தாலே தெரிகிறது, கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. அக்காவுக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டது, அப்பாவின் முழங்கால் பழையபடிதான், மாத்திரையைக் கையில் கொடுத்தாலும் மறந்துவிட்டேன் என்பார்.

உன் பேராசிரியர் விஷயத்துக்கு வருகிறேன். இரு நாட்டு விஞ்ஞானிகள் தோளோடு தோள் என்று முதல் கூட்டத்தில் வாய் கிழியப் பேசினாரே, பாரம் என்னவோ எங்கள் தோளில்தான் இறங்கியது. பள்ளிக்கூட ஆழ்துளைக் கிணறுகளில் வெயிலில் அலைந்து தண்ணீர் எடுத்து ஃபுளோரைடு அளந்தது நாங்கள், அந்த முடிவுகளை அனுப்ப, சிக்னல் வருகிற ஒரே இடமான மாடிப்படித் திருப்பத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து கிடந்தது நான். எங்கள் முதல்வர் வாசலில் அதிவேக இணைய வளாகம் என்று பலகை மாட்டியிருக்கிறார், போய்ச் சொன்னால் போன வாரம்கூட நல்லாத்தானே இருந்துச்சு மேடம் என்கிறார், போன வாரம் விடுமுறை, கல்லூரியில் ஆளே இல்லை. சென்ற காணொலிக் கூட்டத்தில் மழைக்கால அளவையும் கோடை அளவையும் சேர்த்துச் சராசரி போடலாமா என்று உன் பேராசிரியர் கேட்டார், கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், குரல் போகவில்லை, மைக் ஒயரைப் பார்க்கக் குனிந்தேன், அப்படியே என் படம் உறைந்துவிட்டது. குனிந்த தலையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்களாம். கூட்டக் குறிப்பில் எனக்கு நன்றி வேறு. இத்தனை பட்டம் வாங்கியவர்களுக்கு, இணைப்பு அறுந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. மழை இறங்கினால் தண்ணீரில் ஃபுளோரைடு குறையும், கோடையில் ஏறும், சராசரி போட்டால் எல்லாக் கிணறும் உத்தமம். அந்தச் சராசரியோடு உன் பேராசிரியர் போடப்போகும் கட்டுரையைக் காட்டியே இங்குள்ள அதிகாரிகள் கிணறுகளை மூடாமல் விடுவார்கள், பல்லில் கறை படிந்த பிள்ளைகள் அதையே குடிக்கும்.

அவன் சின்னப் பையன், பெரியவரை எதிர்த்து எப்படிப் பேசுவான் என்று அப்பா உனக்குப் பரிந்து பேசுகிறார். எனக்கு ஆறவில்லை. கோடை முடிவுகளை உனக்கு முன்பே தனியாக அனுப்பியிருந்தேன், நீயும் படித்துவிட்டு அதிர்ந்துபோனாய். அந்தக் கூட்டத்தில் நீ இருந்தாய், உன் இணைப்புக்கு ஒரு குறையும் இல்லை.

மறுப்பை மின்னஞ்சலில் போட்டேன், காலையிலிருந்து சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் அங்கே படிக்க வரும் என் மாணவி கையில் அதை அச்செடுத்து இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். கட்டுரை அச்சுக்குப் போகுமுன் கூட்டத்தில் நீயே எழுந்து வாசி. வேளைக்குச் சாப்பிடு, நன்றாக இரு. குனிந்தது சம்மதமா இல்லையா என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், என் முகம் பார்த்து வளர்ந்த உனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா