நானூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

மார்ச் 3, திங்கள்

பதிப்பாசிரியை தொலைபேசியில் அழைத்தார். என் லத்தீன் மேற்கோள் தொகுப்பில் ஒன்றுக்கு மட்டும் மூலம் இல்லையாம். "யாரு, எந்த நூல், எத்தனையாவது வரி, மூணும் வேணும் சார். வெள்ளிக்குள்ள கிடைக்கலேன்னா எடுத்துடறேன்." சரி என்றேன். எதற்குத்தான் நான் சரி சொல்லவில்லை?

என் மேற்கோள் பெட்டியில் 412-ஆம் அட்டை: 'திரும்பி வருபவனுக்காகத் திறந்திருப்பது கதவல்ல, காது.' முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரி. மகளின் திருமண அழைப்பிதழிலும் அச்சிட்டோம். அதையா எடுப்பது?

மார்ச் 4

நூலகம். லத்தீன் சொல்லடைவுகளில் 'காது' வரும் இடமெல்லாம் பார்த்தாயிற்று. "விட்டா அலமாரிக்குள்ளயே குடிவந்துடுவீங்க போல இருக்கே ஐயா" என்றார் நூலகர்.

வீட்டில் மனைவி, அறுவை செய்த இடக்கண்ணில் கட்டோடு, "அந்த வரி அவ்வளவு முக்கியமாங்க?" என்றாள். இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் வலியோ?

மார்ச் 5

இன்றும் நூலகம். கிடைக்கவில்லை.

மார்ச் 6

என் வழக்கம் இது: மேற்கோளையும் மூலத்தையும் துண்டுத்தாளில் எழுதித் தருவேன், அவள் அட்டையில் தட்டச்சு செய்வாள், துண்டை அட்டையோடு குண்டூசியால் குத்திவைப்பேன். 412-இன் துண்டு எங்கோ விழுந்துவிட்டது என்றே இத்தனை நாளும் நினைத்தேன். இன்று ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மற்ற அட்டைகளிலெல்லாம் இரண்டு துளைகள், துருக்கறை. இதில் துளையே இல்லை. நான் எழுதித் தரவே இல்லை.

அட்டையை அவள் கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான்தாங்க எழுதினேன்."

நான் வேலைக்குப் போனபின் என் லத்தீன் இலக்கணப் புத்தகத்தை வைத்து இரண்டு வருடம் படித்தாளாம். "கண்டுபிடிப்பீங்கன்னு பெட்டியில செருகினேன். நீங்க என்னடான்னா, ரோமாபுரிக்காரன் எப்படிச் சொல்றான் பாருன்னு எனக்கே விளக்கம் சொன்னீங்க! அப்புறம் வகுப்புலயும் சொல்லிட்டீங்க. உங்க மானம் போயிடுமேன்னு வாயைத் திறக்கல."

"காதுன்னு ஏன் எழுதின?"

"நீங்க பூனை மாதிரி வருவீங்க. காதைத் தீட்டிக்கிட்டுத்தானே உக்காந்திருப்பேன்?"

முப்பது வருஷம். அப்படி என்னத்தைப் படிச்சு கிழிச்சேன் நான்? பக்கத்துல இருந்தவளை —

மார்ச் 7

"ரோமர் இல்லேன்னா எப்படி சார் போடறது?" என்றார் பதிப்பாசிரியை.

"லத்தீன் மேற்கோள்னுதானே தலைப்பு. ரோமர்னு எங்கேயும் போடலையே." ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

சிரித்தார். "சரி, மூணையும் சொல்லுங்க."

அவள் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். நூல் இல்லை, அட்டை 412. வரி, ஒன்று.

மார்ச் 19

கண்கட்டு அவிழ்த்தாயிற்று. அச்சுப்படியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். "வரி ஒண்ணுன்னு போட்டிருக்கீங்களே, ரெண்டாவது எங்கேன்னு கேக்க மாட்டாங்களா?"

தட்டச்சுப் பொறியின் தூசியைத் துடைத்துவைத்தேன்.

மாலை நடை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே பொறி தட்டும் சத்தம், விட்டுவிட்டு. அசையாமல் நின்று கேட்டேன்.

சத்தம் நின்றது. "வந்துட்டீங்களா?" என்றாள்.