பவளமும் குமுதாவும் எங்கள் வீட்டில்

8 ஜூன் 2025, ஞாயிறு

செங்கல்பட்டில் வகுப்பு. அஞ்சல்வழியில் பி.ஏ. தமிழ் படிக்கிறவர்களில் நான்தான் மூத்தவள் என்று கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்று ஜாக்குலின் வந்து சேர்ந்தாள். நாற்பத்தைந்து வயது, என்னைவிட இரண்டு கூட. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

உலகநாதன் சார் கட்டுரை கொடுத்திருக்கிறார். பாடத்தில் வரும் இரண்டு நாவல்களின் இளம் நாயகிகளை ஒப்பிட வேண்டும். ஒருத்தி பவளம்: செங்கல் சூளைத் தொழிலாளி மகள், பதினேழு வயதில் லாரி ஏறி நகரத்துக்குப் போய் நர்ஸ் ஆகிறாள். இன்னொருத்தி குமுதா: கல்லூரி விடுதிக்குப் போகப் பெட்டியோடு பஸ் நிறுத்தம்வரை வந்தவள், பஸ் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பி அப்பாவின் நிலத்தில் டிராக்டர் ஓட்டுகிறாள்.

"பத்துப் பக்கம். கதைச் சுருக்கம் எழுதினா மார்க் கிடையாது" என்றார் சார். அப்படியென்றால் வேறு என்னதான் எழுதுவதாம்?

11 ஜூன்

திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸிலேயே பவளத்தை முடித்துவிட்டேன். அங்கே ஒரு சுற்றுலா விடுதியில் துவைத்து வந்த படுக்கை விரிப்புகளை அடுக்கி வைப்பது என் வேலை. இன்று இரண்டு அறைக்கு மாற்றி அனுப்பிவிட்டேன். பழி பவளத்தின் மேல். என்ன தைரியம் அந்தப் பெண்ணுக்கு. குமுதாவை நினைத்தால்தான் எரிச்சலாக வருகிறது. பயந்தாங்கொள்ளி.

மகள் காயத்ரியும் இரண்டையும் படித்துவிட்டாள். கல்லூரியில் விலங்கியல் முடித்தவளுக்கு அம்மாவின் பாடப்புத்தகம் எதற்கு என்று நான் கேட்கக் கூடாதாம். அவள் குமுதா கட்சி.

"பவளம் சும்மா சீன் போடறாம்மா. பத்து பக்கத்துக்கு ஒருக்கா அழுவுறா."

"போனா இல்ல? போறதுக்குத் துணிச்சல் வேணும்டி."

"திரும்பி வர்றதுக்கு வேணாமா?"

ஷேர் ஆட்டோ ஓட்டிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் அப்பா தலையைத் தூக்கினார். "யாரு போனது? எந்தத் தெருப் பொண்ணு?"

13 ஜூன்

நான்கு பக்கம் எழுதியாயிற்று. நான்கும் பவளம். குமுதாவுக்கு இரண்டு வரி, அதுவும் திட்டு.

16 ஜூன்

காயத்ரிக்கு ஐதராபாத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கிடைத்துப் பத்து நாள் ஆகிறதாம். எனக்குச் சொன்னது அவள் தோழி ஷாஹிதா. கேட்டால், "அது வேணாம்மா. பதில் போடாம விட்டா தானா போயிடும். முட்டுக்காட்டு மீன் பண்ணையில ஆள் எடுக்கறாங்க, அங்க போறேன்" என்கிறாள். தினமும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்குகிற வேலை.

ஏன் இப்படிச் செய்கிறாள்? அம்மா தனியாகிவிடுவாள் என்றா? அப்பாவுக்கு முட்டி வலி என்றா? இந்தத் தியாகத்தை அவளிடம் யார் கேட்டது?

18 ஜூன்

செய்துவிட்டேன்.

காயத்ரியின் மெயில் என் போனிலும் திறக்கும். கம்பெனிக் கடிதத்தின் அடியில் சம்மதம் சொல்ல ஒரு பொத்தான் இருந்தது. இன்றுதான் கடைசி நாள். அழுத்திவிட்டேன். அவளுக்கு நல்லதுதானே? நல்லதுதான். பிறகு ஏன் சாம்பாரில் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன்? இருவரும் அதையே ஊற்றிச் சாப்பிட்டார்கள் — அது இன்னும் பயமாக இருந்தது.

20 ஜூன்

என்றைக்கு வந்து சேருகிறீர்கள் என்று ஐதராபாத்திலிருந்து போன். எடுத்தது காயத்ரி. தவறு நடந்துவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீயாம்மா?"

"உன் நல்லதுக்குத்தான்டி. எனக்காக நீ இங்க கெடக்க வேணாம்."

"உனக்காகன்னு யாரு சொன்னா? எனக்கு இந்தக் கழிமுகம் புடிச்சிருக்கு. மீன் புடிச்சிருக்கு. மூணு வருசம் அதத்தான படிச்சேன். அதச் சொன்னா ஏம்மா நம்ப மாட்டேங்கற?"

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தால்கூடத் தேவலை. என் எதிரிலேயே உட்கார்ந்து அழுதாள்.

"இன்னா விஜயா, அது பேர்ல நீ சம்மதம் குட்த்தா அதுக்குப் பேரு இன்னா?" என்றார் இவர். வருடத்துக்கு ஒரு தடவை சரியாகப் பேசுவார். இன்றா அந்த நாள்?

என்ன காரியம் பண்ணிட்டேன் நானு.

21 ஜூன்

பேசவில்லை. தண்ணீர் பாட்டிலைக்கூட அப்பா மூலமாகத்தான் கேட்கிறாள்.

23 ஜூன்

காலையில் வாசலில் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"தப்புதான் காயத்ரி. உன்னக் கேக்காம செஞ்சது தப்பு. நீ சொன்னத நம்பாதது அதவிடத் தப்பு."

துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணாடி, சீட், நம்பர் பலகை எல்லாம் முடிந்த பிறகு, "பாஸ்வேர்ட மாத்திட்டேன்" என்றாள்.

"நல்லது."

"குமுதாவையும் நீ சரியாப் படிக்கல. நூத்திப் பன்னெண்டாம் பக்கம் எடுத்துப் பாரு."

எடுத்துப் பார்த்தேன். பஸ் போய்விட்டது. குமுதா பெட்டியின் மேல் உட்கார்ந்து சிரிக்கிறாள். அவள் அழுதாள் என்றுதான் இத்தனை நாளும் சாதித்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை படித்தபோது அவளை எங்கே கவனித்தேன்? போகிற பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த பஸ்ஸில் ஏறத் துடித்தது யார்? காயத்ரி இல்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம். மேல்மருவத்தூரைத் தாண்டி நான் தனியாகப் போனதே கிடையாது. எனக்கு ஆசையாக இருக்கிறது என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, மகளை மூட்டை கட்டி அனுப்பப் பார்த்திருக்கிறேன்.

29 ஜூன்

பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதிய கட்டுரையைக் கொடுத்தேன். நேற்று காயத்ரி படித்து மூன்று ஒற்றுப்பிழை திருத்தினாள். "குமுதாவுக்கு அஞ்சு பக்கமா? பவளம் கோச்சிக்கப்போறா" என்றாள்.

பழையபடி என்னைக் கேலி செய்தாள்.

13 ஜூலை

"விஜயகுமாரி, தஞ்சாவூர்ல மாணவர் கருத்தரங்கு. உங்க கட்டுரையும் ஜாக்குலின் கட்டுரையும் போகுது. மூணு நாள்" என்றார் சார்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்."

"நீ போவணுமா வேணாமா? அத மொதல்ல சொல்லு" என்றாள் ஜாக்குலின்.

போகணும் என்றேன். என் குரல்தானா அது?

வீட்டில் சொன்னதும் காயத்ரி என் போனைத் தூக்கிக்கொண்டாள். "உம் பேர்ல நானே சம்மதம் அனுப்பிடட்டுமா?"

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மூணு நாளு நான் இன்னாத்த துன்றது?" என்று இவர் கேட்டது யார் காதிலும் விழவில்லை.

2 ஆகஸ்ட், தஞ்சாவூர்

வாசித்துவிட்டேன். முடிந்ததும் ஒரு மாணவி எழுந்து, "இந்த ரெண்டு பேர்ல யார் உங்களுக்கு மகளா இருக்கணும்?" என்று கேட்டாள். "யாரா இருந்தாலும், அவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன். கூட்டம் சிரித்தது. வேடிக்கைக்குச் சொன்னதில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

நாளை ஜாக்குலினோடு பூம்புகார் போகிறேன். வீட்டுக்குப் போன் போட்டேன். ஒரு நாள் கழித்து வருகிறேன் என்று சொன்னேன். வரட்டுமா என்று கேட்கவில்லை.

எடுத்திருந்தது இவர்.

"சர்தான்" என்றார். "ரசத்துக்குப் புளி எவ்ளோ போட்றது, அதச் சொல்ட்டுப் போ."

சொன்னேன்.