எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

ஆடி 1, வியாழன்

காலையில் மேகம். மழை இல்லை. ஏரியும் வானமும் ஒரே வெள்ளை, நடுவில் கோடு தெரியவில்லை. படகுகள் ஆகாயத்தில் கட்டிப் போட்டது போல. அம்மனுக்கு ஒரு முழம் கதம்பம் வைத்துவிட்டு வீட்டுக்காரரை அழைத்துக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பஸ், டீ, மருந்து எல்லாம் வரவு செலவு நோட்டில் ஏற்றியாயிற்று. அதில் எழுத இடமில்லாததுதான் இங்கே.

டாக்டர் சின்ன வயது. நிறையக் கேட்டார். காலையிலேயே குடிக்க வேண்டியிருக்கிறதா, நிறுத்தினால் கை நடுங்குகிறதா, வலிப்பு வந்ததுண்டா. வலிப்பு இல்லை. அப்புறம் வழிகளைச் சொன்னார். மறப்பதற்குள்:

வார்டில் சில நாள் படுத்து நடுக்கம் தெளிவது.
சென்னையில் ஒரு விடுதி, ஒரு மாதம் உள்ளேயே.
வீட்டிலிருந்தே வந்து போவது. மாத்திரை என் கையால். வியாழன்தோறும் அவர் நேரில் வர வேண்டும். குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமை. பிதற்றினாலோ வலிப்பு வந்தாலோ யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

மூன்றாவதுதான் எங்களுக்கு. இந்த மாதம் எங்கள் வீட்டுப் பாடு. ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்டும் முறை; வீட்டில் ஆள் இல்லை என்றால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். விடுதியில் போட்டால் அவர் வலையைப் பற்றியே புலம்பிக்கொண்டு கிடப்பார்.

டாக்டருக்கு உதவியாக பாத்திமா சிஸ்டர். பழவேற்காட்டுக்காரர். இவர் கையைப் பிடித்து நாடி பார்த்தபடியே, பார்க்காதது போல என்னையும் பார்த்தார். வரும்போது பஸ்ஸில் இவர் என் தோளில் தூங்கினார். கல்யாணமான புதிதில் இப்படித் தூங்கியது. ஜன்னலில் உப்புக் காற்று.

ஆடி 4, ஞாயிறு

மேற்கிலிருந்து கச்சான் காற்று. காயப்போட்ட துணியெல்லாம் மணல்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் வியர்வை, நடுக்கம், வாந்தி. இன்று தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கஞ்சி குடித்தார். சிந்தவில்லை. முருகா.

கூட்டத்துக்குப் போகவில்லை. நடுங்கும் கையோடு நாலு பேர் நடுவில் டீ வாங்கிக் குடிக்க வெட்கமாம்.

மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். கனவு. ஏரி முழுதும் வற்றிக் கண்ணாடி மாதிரி. அவர் அதன்மேல் நடந்து போகிறார், லைட்ஹவுஸ் பக்கம். நான் கூப்பிடுகிறேன், குரல் மீன் குஞ்சுகளாகச் சிதறிப் போகிறது. முழித்தால் வாசலில் பேச்சு. தேசப்பன். அவரோடு ஒரே படகில் போகிறவன், கெட்டவன் இல்லை.

"இன்னாபா ஏழுமல, மாத்திர துன்னுட்டு வலை இழுப்பியா? வலைதான் உன்ன இழுக்கும்" என்றான். சிரித்தான். மடியில் ஒரு பாட்டில் முட்டிக்கொண்டு நின்றது. இவர் சிரிக்கவில்லை. அந்த மடியையே பார்த்துக்கொண்டிருந்தார், பசித்தவன் சோற்றைப் பார்ப்பது போல. கடைசியில் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நாளைக்கு என்றார்.



ஆடி 6, செவ்வாய்

அம்மன் திருவிழாவுக்கு இன்று காப்புக் கட்டு. அவருக்கும் கட்டிவிட்டால் என்ன என்று நேற்றே தோன்றியது, யார் சொல்லியும் இல்லை. பால் பொங்கும்போது தோன்றியது. காப்பு கட்டியவனுக்குக் கறி, மீன், சாராயம் எதுவும் ஆகாது. குப்பத்தில் எப்பேர்ப்பட்ட குடிகாரனும் காப்புக் கைக்குப் பாட்டில் நீட்ட மாட்டான். பயம். விழா முடிந்து காப்பு அவிழ்க்க வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு ஆகும். அதுவரைக்கும் அம்மனே காவல். அதற்குள் உடம்பு தேறிவிடும்.

அவரிடம் சொன்னேன். மறுக்கவில்லை. தலை முழுகி வந்தார். பூசாரி மாமா வேப்பிலை, மஞ்சள் கிழங்கு, மஞ்சள் நூல் வைத்து வலது மணிக்கட்டில் கட்டினார். உடுக்கைச் சத்தத்தில் அவர் உடம்பு ஒரு தரம் சிலிர்த்தது. கை நடுக்கமா, அருளா, தெரியவில்லை. தேசப்பன் பின்னால் நின்றிருந்தான். கட்டி முடித்ததும் அவனும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

எனக்கு மனசு பஞ்சு. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெயில்கூட மஞ்சளாக இருந்தது.

வாங்க: கேழ்வரகு மாவு, நொய், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை (கூழுக்கு). பக்கத்து வீட்டுக் குண்டானைத் திருப்பிக் கொடுக்க.

ஆடி 7, புதன்

மாத்திரை அட்டையில் இன்றைக்கும் நாளைக் காலைக்கும்தான் இருக்கிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு அட்டையைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

காப்பு கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது.

பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். எப்படி மறந்தேன்? காப்பு கட்டியவர்களுக்கு எல்லைக்கு வெளியே எப்போது வேலை இருந்தது, நினைவில் வைக்க. ஏரிக்குப் போகலாம், அது அம்மன் கண்ணுக்குள். பொன்னேரி எல்லைக்கல்லுக்கு அப்பால்.

அவருக்கு நிம்மதி. அதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை. "அம்மன் கையில கீறேன். டாக்டரு எதுக்கு மே?" என்றார். குரலில் பக்தி கொஞ்சம், தப்பித்த சந்தோஷம் நிறைய.

சிஸ்டருக்குப் போன் போட்டேன். நானே வந்து மாத்திரை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஆகாதாம். நடுக்கம் அடங்குகிற வாரம் இதுதான், மாத்திரையை ஏற்றுவதா குறைப்பதா என்று ஆளைப் பார்த்துத்தான் டாக்டர் சொல்ல முடியும், பாதியில் விட்டால் வலிப்புகூட வரலாமாம். சிஸ்டர் கோபிக்கவில்லை. "உங்க அம்மன நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா நாடி பாக்க எனக்கு அவரு கை வேணும்" என்றார்.

பூசாரி மாமாவிடம் போனேன். பாதியில் அவிழ்ப்பது வீட்டுக்கு ஆகாது என்றார். ஆனால் சாவு விழுந்த வீட்டில் ஒரு தரம் செய்ததுண்டாம்: ஒரு கை அவிழ்த்தால் அதே நாழியில் அந்த வீட்டில் இன்னொரு கை தாங்க வேண்டும், நூல் தரையில் படாமல்.

பொண்டாட்டி கை ஆகுமா என்று கேட்டேன்.

"ஆவும். ஆனா அப்பால நீ தாண்ட முடியாது. அவன் தனியாத்தான் போவணும்."

இதை நான் யோசிக்காமலா கேட்டேன்? யோசிக்கவில்லைதான்.

அவர் கையில் காப்பும் இல்லை, கூட நானும் இல்லை. பொன்னேரி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே சாராயக் கடை. போன வருஷம் வலை நூல் வாங்கத் தனியாகப் போனவரை மறுநாள் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சிலிருந்து கூட்டி வந்தோம்.

அவரிடம் சொன்னபோது முகம் வெளுத்தது. "உனுக்கு பயமா இல்லயா?" என்றார். இருக்கிறது என்றேன். "எனுக்கும்" என்றார். இத்தனை வருஷத்தில் குடியைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அது.

ஆடி 8, வியாழன்

பனி மாதிரி ஏதோ. ஆடியில் எங்கே பனி. ஏரிப் புகை.

அம்மன் முன்னால் பூசாரி மாமா நூலை அவிழ்த்தார். இவர் கையில் மஞ்சள் தடம். நூல் என் இடது கைக்கு வந்தது. ஈரம், அவர் உடம்புச் சூடு. அம்மா தாயே, தப்பென்றால் என் மேல் இறங்கு.

எல்லைக்கல் வரை கூடப் போனேன். காலை மாத்திரையை அங்கேயே கொடுத்தேன். ஷேர் ஆட்டோவில் தேசப்பன் பெண்சாதி உட்கார்ந்திருந்தாள், பழவேற்காடு மார்க்கெட்டுக்கு. இவரைப் பார்த்துக்கொள்ளும்படி அவளிடம் சொல்லலாமா என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. ஆட்டோ போய், புழுதி போய், வெறும் ரோடு.

கூழ் காய்ச்சினேன். அடி பிடித்தது. போன் எடுத்தேன், வைத்தேன். காட்டுப்பள்ளி துறைமுகத்துக் கிரேன்கள் தூரத்தில் கொக்குகள் மாதிரி மிதந்தன. அடியில் தரையே இல்லாமல்.

மாலை

முதல் ஆட்டோவில் வரவில்லை. அடுத்ததிலும் இல்லை. கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றேன். ஒரு அடி வைத்தால் ரோட்டு வளைவு தெரியும். வைக்கவில்லை. ஆடு மேய்க்கிறவள் யாருக்காகக் காத்திருக்கிறேன் என்று கேட்டாள். என்ன சொன்னேன், நினைவில்லை.

வெயில் தணிந்த பிறகு வளைவில் ஒரு ஆள். நடந்து. சரிவில் தண்ணீர் பளபளத்ததால் காற்றில் வருவது போல இருந்தது. கால் நேராக விழுகிறதா என்று பார்த்தேன். கண் கலங்கி எல்லாமே ஆடியது, எதையும் நம்ப முடியவில்லை.

ஆட்டோவில் கூட்டமாம், பழவேற்காட்டிலிருந்து நடந்தே வந்தாராம். கையில் மாத்திரைக் கவர். டாக்டர் ஒன்றைக் குறைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு சிஸ்டர் பெயர் எழுதிக்கொண்டாராம், இவர் சரி என்றாராம்.

அவரே கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றபடி குனிந்து, என் முகத்தில் நன்றாக ஊதிக் காட்டினார். இஞ்சி டீ. வியர்வை. வேறொன்றுமில்லை.

"இன்னாமே, உள்ள வரலாமா?" என்றார்.