குரல் வந்தால் மட்டும் திற

பொதிகைச் சரிவு விதைக் காப்பகம். 2094, ஆடி 2, காலை

வெளியே 44 டிகிரி. உள்ளே 9. விதை அறை நலம். பதிவு செய்வது நட்சத்திரா, வயது பதினாறு, தற்காலிகப் பொறுப்பு.

நிரந்தரப் பொறுப்பாளர் என் அக்கா முப்பிடாதி. குளிரூட்டியின் கம்ப்ரசர் திணறுகிறது. மாற்று வாங்க அடிவாரத்துக்கு இறங்கியிருக்கிறாள். தனக்குக் குலதெய்வத்தின் பெயர், எனக்கு மட்டும் சீரியலில் வந்த பெயர் என்று இன்றுவரை கடுப்பு அவளுக்கு. அம்மாவும் அப்பாவும் போன பிறகு எங்களுக்கு மிச்சம் இந்தச் சண்டையும் இந்த விதைகளும்தான்.

ஆடி 3, மாலை

வெளியே 46. வயர்லெஸ்ஸில் அக்கா: "கம்ப்ரசர் கெடச்சுட்டு. காலையில ஏறிருவேன். சாப்ட்டியாட்டி? யாரு தட்டுனாலும் தொறக்காத. எங்கொரல் கேட்டாத்தான் தொறக்கணும், என்ன?"

நூறு தடவை சொல்லிவிட்டாள். கீழ்க் காப்பகத்தில் தட்டியவர்களுக்குத் திறந்தார்கள். வந்தவர்கள் விதைநெல்லை வேகவைத்துத் தின்றார்கள். திறந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை.

ஆடி 4, மதியம்

முன்பெல்லாம் ஆடிக்காற்று சாரல் கொண்டுவருமாம். இப்போது புழுதி. சூரியன் தெரியவில்லை. மலையுச்சி ரிலே கோபுரம் சோலாரில் ஓடுவது; அது அணைந்துவிட்டது. கோபுரம் இல்லாமல் குரல் வராது. அக்கா கெட்டிக்காரி, அடிவாரத்திலேயே தங்கியிருப்பாள்.

உள்ளே 12.

ஆடி 5, காலை

தட்டுகிறார்கள். கதவு இரண்டடி எஃகு. பேச்சு எதுவும் நுழையாது, தட்டும் சத்தம் மட்டும் அதிர்வாக வருகிறது. கூரைக் கேமராவுக்கு வானம்தான் தெரியும், வாசல் தெரியாது. வெளியே 53.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டேன். பதில் இல்லை. இந்தப் புழுதியில் அக்கா ஏறுவாளா? மாட்டாள். மாட்டவே மாட்டாள்.

ஆடி 5, மதியம்

தட்டுவது நின்றுவிட்டது. பயந்து செத்தேன், ஆனால் திறக்கவில்லை. அக்கா வந்ததும் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆடி 7, காலை

புழுதி அடங்கியது. அக்காவின் குரல்! துள்ளிக் குதித்தேன்.

"மேக்க வானம் செவந்து வருதுட்டி. திரும்புனா அங்க ஒனக்குக் குளிரு நின்னுரும். ஏறிருதேன்."

கூரைக் கேமராவில் மேற்கைப் பார்த்தேன். வானம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை.

ஆடி 7, முற்பகல்

"பாதி ஏறிட்டேன். தண்ணி தீந்துட்டு. பேச மாட்டியாட்டி? கோவமா?"

பேசினேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. கையேட்டைப் புரட்டினேன். மின்சாரம் குறைந்தால் கோபுரம் அனுப்பாது, வாங்கி மட்டும் வைத்துக்கொள்ளும். பாட்டரி தேறத் தேற வரிசையாக விடும். இதெல்லாம் நடந்து முடிந்த பேச்சு.

இன்னும் இரண்டு பாக்கி என்று திரை காட்டுகிறது. வேண்டாம். கேட்க மாட்டேன்.

ஆடி 7, மதியம்

கேட்டேன்.

"வாசல்ல நிக்கேன். தொற. நான்தாம்ட்டி."

ஆடி 7, மாலை

கடைசிச் செய்தி. அப்படியே எழுதுகிறேன்.

"எங்கொரல் ஒனக்கு வரல போல. தட்டித் தட்டி கை ஓஞ்சிட்டு. நீ தொறக்க மாட்ட. நான் சொன்னதத்தான கேக்க, நல்ல புள்ள. கம்ப்ரசர் எம்பக்கத்துல இருக்கு. வெயிலு தாந்த பொறவு எடுத்துக்க. வெதைய விட்றாதட்டி."

உள்ளே 19. கம்ப்ரசர் நின்றுவிட்டது. மாற்று, கதவுக்கு அந்தப் பக்கம். பிடியில் கை வைத்தேன். திறந்தால் அவள் இருப்பாள். என்னால் முடியவில்லை.

ஆடி 8, காலை

உள்ளே 24. நெல் அடுக்கில் ஈரம்.

"மேக்க வானம் செவந்து வருதுட்டி."

பெற்றுக்கொண்டதாகப் பொத்தானை அழுத்தும்வரை கோபுரம் தினமும் முதலிலிருந்து திரும்ப அனுப்புமாம். அழுத்தினால் அழிந்துவிடும்.

ஆடி 11

உள்ளே 38. அடுக்கெல்லாம் ஈரத்தில் புழுங்கிப் பூசணம் பிடித்துவிட்டது. இனி எதுவும் முளைக்காது.

இதைப் படிப்பவர்களே, நீங்கள் அவளைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். அவள் பெயர் முப்பிடாதி. வயது இருபத்திரண்டு.

நான் பொத்தானை அழுத்தவில்லை. காலையில் கிளம்புகிறாள். மதியம் வந்துவிடுகிறாள். மாலையில் என்னை நல்ல பிள்ளை என்கிறாள்.

நாளைக்கும் வருவாள்.