மஃரிபுக்குப் பிறகு கண்ணாடிக் கதவு

5 ஜூலை 2025, சனி

என் எழுத்து ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வரியும் நேராக நிற்காமல் கீழே இறங்குகிறது. மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? இதை வாசிக்கப் போவதும் நான்தானே! எழுபத்திரண்டு வயதில், இராசேஸ்வரி ரீச்சரின் முதியோர் வகுப்பில் படித்த எழுத்து. இவ்வளவுக்கு அரை மணித்தியாலம். அல்ஹம்துலில்லாஹ்.

8 ஜூலை

எங்கள் முன் ஹோல் மேற்குப் பார்த்தது. மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடுப்பு மாதிரிக் கொதிக்கும். பலகைக் கதவைச் சாத்தினால் இருட்டு. திறந்தால் வெயில், மணல், தெருவில் போகிறவர்களின் கண். பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்ததிலிருந்து ஸுஹறா பின் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள். என் மனைவி வெளிச்சத்தில் இருக்க வேண்டும். கண்ணாடிக் கதவு போடுவோம் என்றேன்.

"நானென்ன கடையில வச்ச பிஸ்கட்டா, கண்ணாடிக்குள்ள இருக்க?"

10 ஜூலை

கண்ணாடி வேலை செய்கிற பஸ்ரியன் வந்தார். மடிந்து திறக்கிற கதவு வேண்டாமாம். உப்புக் காற்றில் பிணைச்சல் துருப்பிடித்து இறுகிவிடும், ஒரு கையால் இழுக்க ஏலாது. பக்கத்துக்குத் தள்ளுகிற கதவு போட்டு, அதன் பாதையை நிலத்தோடு சமமாகப் பதித்தால் கால் தடக்காது.

"அவ தடுமாறிக் கண்ணாடியில விழுந்தா?"

"ரெண்டு கண்ணாடிக்கு நடுவில தாள் மாதிரி ஒண்டு வச்சு ஒட்டினது இருக்கு நானா. உடைஞ்சாலும் அதோட ஒட்டிக்கொண்டு நிக்கும். கத்தி கத்தியாக் கொட்டாது."

அதுதான் வேணும் என்றேன்.

11 ஜூலை

நல்ல வெயில். முற்றத்தில் மூன்று மாதிரித் துண்டுகளை நிறுத்தி, பின்னால் கையை வைத்துப் பார்த்தேன். வெறும் கண்ணாடி – கை சுட்டது. கறுப்பு – கொஞ்சம் குறைவு, ஆனால் கண்ணாடியே கொதித்தது. முகம் தெரிகிற பூச்சுப் போட்டது – சூடே இல்லை! முன்னால் நின்று பார்த்தால் பின்னால் வைத்த கை தெரியவுமில்லை. வெயிலும் வராது, பிறர் பார்வையும் வராது. நான் கெட்டிக்காரன்.

26 ஜூலை, சனி

கண்ணாடிக் கதவு பொருத்தியாயிற்று. பின்னேரம் மூன்று மணிக்கு ஸுஹறா முன் ஹோலில் கதிரையில்! பக்கத்து வீட்டு றுஷ்தா தெருவில் வந்தவள் எங்கள் கதவில் முகம் பார்த்து முக்காட்டைச் சரி செய்தாள், பல்லையும் காட்டிப் பார்த்தாள். அவளுக்கு நேரே உள்ளே ஸுஹறா இருப்பது தெரியாது. ஸுஹறா சிரித்த சிரிப்பு – ஒரு வருடமாகக் கேட்காத சிரிப்பு.

27 ஜூலை

என்ன வேலை பார்த்தேன் நான்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டு வருகிறேன். உள்ளே லைற் எரிகிறது. தெருவில் நின்றால் வீடு முழுக்கத் தெரிகிறது. ஸுஹறா முக்காடு இல்லாமல் தலை வாருகிறாள். என்னோடு வந்த அப்துல் றசாக் ஹாஜியார் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெயிலில் மட்டும் சோதித்த மடையன் நான். பொழுதுபட்டால் என்ன என்று யோசிக்கவே இல்லை.

"ஊருக்கே டிவி ஆகிட்டன்" என்றாள். பின் அறைக்குப் போய்விட்டாள்.

29 ஜூலை

வரவில்லை. பகலிலும் வரவில்லை.

30 ஜூலை

திரை போடட்டுமா என்று கேட்டேன். "அப்ப பலகைக் கதவே போதுமே" என்றாள். பிறகு, சுவரைப் பார்த்தபடியே:

"பகலில ஏன் தெரியேல்ல? வெளிச்சம் வெளியிலதானே. பொழுதுபட்டாலும் வெளிச்சத்தை வெளியில போடுங்கோவன்."

பஸ்ரியனுக்கும் எனக்கும் வராத யோசனை! உடனே வயர் இழுத்து வாசலில் லைற் போட்டோம். மஃரிபுக்குப் பிறகு உள் லைற்றை நூத்து இருட்டாக்கினாள். நான் தெருவில் நின்றேன்.

"தெரியுதா?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஒரு கிழவன் தெரியிறான்."

"அது நீங்கள்தான்!"

2 ஆகஸ்ட், சனி

பொழுதுபட்டுவிட்டது. வாசல் லைற்றுக்குக் கீழே இருந்து எழுதுகிறேன். கதவை ஒரு சாண் அவளே தள்ளித் திறந்திருக்கிறாள். உள்ளே இருட்டு, குரல் மட்டும் வருகிறது.

"முன் வீட்டு நுஃமான் ரெண்டு கொத்து ரொட்டிப் பார்சல் கொண்டு போறான். வீட்டில அவன் தனிய. மற்றது ஆருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"எழுதிறத விட்டிட்டுத் தெருவையும் பாருங்கோ. மூக்கு கொப்பியில முட்டுது. உள்ளுக்கு வாங்கோ."

உள்ளே போனால் லைற் போட விடமாட்டாள், இருட்டில் எழுதப் பழகவில்லை. மிச்சம் நாளைக்குத்தான்.