முத்தையாவுக்கு, என் வலத்தோள் குறித்து

என் நெஞ்சுக்குள் இன்னும் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும் முத்தையா,

உன் மகள் மலர்க்கொடிக்கு நாளை தென்காசியில் மணவிழா. சடங்குகள் இல்லை. நான் தலைமை தாங்கி, மாலைகளை எடுத்துக் கொடுக்க வேண்டும். நோய்ப் படுக்கையில் நீ என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

கொடுப்பதற்கு வலக்கை எழ வேண்டுமே என்பதுதான் இரண்டு திங்களாக என் கவலை. மேடைதோறும் கையை வானுக்கு வீசி முழங்கியவன் நான். ஆனி பிறந்ததும் சட்டைக்குள் அதை நுழைக்கவே முடியவில்லை.

நம் வழக்கப்படி குற்றாலத்துக்கே போனேன். எண்ணெய் தேய்ப்பவர் கட்டைவிரலால் தோளை அழுத்தி, "கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க அண்ணாச்சி, அருவியில காட்டுனா வலி ஓடிரும்லா" என்றார். பேரருவியின் அடியில் நின்று, நீர் வலத்தோளிலேயே விழும்படி காட்டினேன். அன்றிரவு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

மறுநாள் மருத்துவர் தொட்டதும் துடித்தேன். "வீங்கிக் கெடக்க எடத்துல அருவிய விட்டு அடிச்சா எப்படிய்யா சரியாவும்?" என்று கடிந்துகொண்டார். பிறகு விளக்கினார். எலும்புக்கும் தசைநாணுக்கும் நடுவே, உராயாமல் காக்கும் மெத்தைபோல் சிறு நீர்ப்பை இருக்கிறதாம். ஓயாமல் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் அது நசுங்கி அழற்சி கொள்கிறது. தேய்ப்பதும் அடிப்பதும் அந்த அழற்சியை வளர்க்கும்.

மிதிவண்டிகளைப் பழுதுபார்க்க ஆண்டுக்கணக்கில் மண்டியிட்டாயே, உன் முழங்கால் முன்புறத்தில் திரண்டிருந்த வீக்கமும் இதுதானா? அதையும் அல்லவா அருவிக்குக் காட்டினோம்! அன்று ஏன் ஒரு மருத்துவரிடம் கேட்கத் தோன்றவில்லை நமக்கு?

எனக்கு அவர் சொன்னது எளிது. வீக்கம் அடங்கும்வரை கைக்கு ஓய்வு, குளிர்ந்த ஈரத்துணி, வலிக்கு மாத்திரை. அதற்காக அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இறுகிவிடுமாம். எனவே வலி தணிந்தபின், குனிந்து நின்று கையைத் தளரத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டினேன். அடுத்து, விரல்களால் சுவரில் படிப்படியாக ஏறினேன். வலித்த இடத்தில் நிறுத்தினேன்.

கடினமானது மேடைதான். கடையம் ஊர்க் கூட்டத்தில் கையை இடுப்போடு அணைத்துக்கொண்டு பேசினேன். முன்வரிசையில் ஒருவன், "ஏலே, அண்ணாச்சி கைய குத்தாலத்துலயே வச்சிட்டு வந்துட்டாவ போல!" என்றான். கூட்டம் சிரித்தது. கை தானாக எழப் பார்த்தது, இடக்கையால் பிடித்துக்கொண்டேன். அன்று நீ இருந்திருந்தால் அவனைவிட உரக்கச் சிரித்திருப்பாய்.

நேற்று மலர்க்கொடி வந்தாள். "பெரியப்பா, முடியலன்னா வேற யாரயாவது குடுக்கச் சொல்லுவோமா?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவள் கண்கள் கலங்கின.

"ஏட்டி, உங்கப்பன் யார்ட்ட சொல்லிட்டுப் போனான்?" என்றேன்.

இன்று காலை மருத்துவர் சோதித்தார். மார்பளவு கை வலியின்றி எழுகிறது. மாலை கொடுக்க அதுவே போதும். அதற்குமேல் வீசினால் பழைய நிலைதான் என்று எச்சரித்து அனுப்பினார்.

நாளை மன்றம் நிறைந்திருக்கும். வாழ்த்திப் பேசும்போது பழைய வேகம் என்னை உந்தும். கூட்டமும் அதைத்தான் எதிர்பார்க்கும். உனக்குச் சொல்கிறேன் முத்தையா: என்ன ஆரவாரம் எழுந்தாலும் இந்தக் கையை மார்புக்கு மேல் உயர்த்த மாட்டேன். இரண்டு மாலைகளையும் கொடுத்து முடிக்கும்வரை இது உன் மகளுக்குரிய கை.

உன் உடன்பிறவா அண்ணன்,
இளவழகன்