ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு குடித்தனம்

ஜூன் 4

பட்டதாரி ஆகப்போகும் அம்மணிக்கு,

வேலை முடிந்து வரும்போது நீ கிளம்பிப் போயிருந்தாய். உன் தலையணை மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு தூங்கினேன். குளிர்பதனக் கிடங்கில் உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். உனக்கு ஞாயிறு லீவு, எனக்குச் செவ்வாய். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஃப்ரிட்ஜ் கதவில் கடிதம் ஒட்டும் புருஷன் பெண்டாட்டி நாம்தான். இரவு வேலைக்குத் தரும் கூடுதல் படி உன் கல்லூரிக் கட்டணத்துக்குப் போதும், கவலைப்படாதே. சாப்பிட்டாயா?

உன்,
பகல்தூங்கி

ஜூன் 5

பகல்தூங்கிக்கு,

சாப்பிட்டேன், நின்றுகொண்டே. உட்கார்ந்தால் தூங்கிவிடுவேன். நேற்று மாலை வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் தோளில் சாய்ந்தே விட்டேன். "பரவால்ல ஆன்ட்டி, தூங்குங்க" என்றாள். அழுகை வந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை வேலைக்குப் பட்டம் கட்டாயமாம். இல்லாவிட்டால் எனக்கு எதற்கு இந்த வயதில் இந்தப் பாடு?

வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் ஒரு குரல் இல்லை. நீங்கள் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவ மனசு வராமல் அப்படியே வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள்.

நேரில் நாலு வார்த்தை பேசாத மனுஷர், எழுத்தில் என்னமாய்ப் பேசுகிறீர்கள்!

உங்கள்,
வகுப்பில் தூங்குபவள்

மார்ச் 11

மாணவிக்கு,

டம்ளரைப் பற்றி நீ எழுதி மூன்று வருஷம் ஆகப்போகிறது; அந்தக் கடிதத்தை இன்று மறுபடி எடுத்துப் படித்தேன். சிரிக்கவில்லை. இனிமேல் டம்ளரை நானும் கழுவப்போவதில்லை, உனக்காக வைத்துவிட்டுப் போகிறேன்.

கொஞ்ச நாளாக உன் கடிதத்தில் முன்னுரை, முடிவுரை எல்லாம் வருகிறது. கட்டிய பணம் வீண்போகவில்லை. கடைசிப் பரீட்சையை நல்லபடியாக எழுது. முடிந்ததும் பகல் வேலை கேட்டு வாங்கிவிடுகிறேன். உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடலாம், ஆசை தீரப் பேசலாம். அதை நினைத்துத்தான் கிடங்கில் குளிரே தெரியாமல் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உன்,
பகல்தூங்கி

ஆகஸ்ட் 20

என் வீட்டுக்காரருக்கு,

பட்டம் வந்துவிட்டது, மேற்பார்வை வேலையும் கிடைத்துவிட்டது. சொன்னபடி நீங்களும் பகல் வேலைக்கு மாறிவிட்டீர்கள். ஒரு வாரமாக எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம்.

நேற்று, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டேன். "ம்" என்றீர்கள். அப்புறம் டிவியைப் போட்டுக்கொண்டீர்கள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். தலையணையைக் கட்டிக்கொண்டு தூங்கியதாக எழுதினாரே, அந்த மனுஷர் எங்கே போனார்? அவரை நினைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் படித்தேன். உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது, எனக்கும்தான் பேச வாய் வரவில்லை. வெறும் வீட்டில் இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

இந்தக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டவில்லை. உங்கள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். படித்து முடித்ததும் பேனாவைத் தேடாதீர்கள். என் முகத்தைப் பார்த்து ஏதாவது சொல்லுங்கள். உப்பு கூடிப்போச்சு என்றாலும் சரி.

இப்படிக்கு,
எதிரே இருப்பவள்